பூண்டுத்தாள் வாட்ச்

போன மாதம் எனக்கு ஒரு வாட்ச் வாங்கப் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற பெண் என் மணிக்கட்டில் ஒரு நாடாவைச் சுற்றினாள், ஏதோ ஒரு எண்ணை முணுமுணுத்தாள், "உங்க கைக்குச் சின்ன டயல்தான் எடுக்கும் மேடம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். நாற்காலியில் சரியாக உட்காரக்கூட நேரம் கொடுக்கவில்லை. எனக்குப் பெருத்த ஏமாற்றம். ஒரு மணிக்கட்டை அளப்பது இவ்வளவு சுலபம் என்றால், அக்கா கல்யாணத்தின்போது எங்கள் குடும்பம் ஏன் அந்தப் பாடு பட்டது?

முழங்கால் தனியாகப் பேச ஆரம்பித்துவிட்ட நம் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் புரியும். நம் சின்ன வயதில் மணி தெரிந்துகொள்ள யாரும் வாட்ச் கட்டவில்லை. எங்கள் ஊர் வடகவுஞ்சிக்குப் பக்கம். காலையில் மஞ்சு விலகினால் வேலை, மறுபடி மஞ்சு இறங்கினால் வீடு. வாட்ச் என்றால் அது கல்யாணச் சாமான். மாப்பிள்ளையின் கையில் ஏறி, அவர் அதை அடிக்கடி காதில் வைத்துப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது.

எனக்கோ வாட்ச் பைத்தியம். கீழ்நாட்டுப் பிள்ளைகள் தென்னை ஓலையில் வாட்ச் செய்வார்களாம். மலையில் தென்னைக்கு எங்கே போவது? நான் பூண்டுத்தாளில் செய்வேன். பச்சைத் தாளை இரண்டாகக் கிழித்து, குறுக்கும் நெடுக்குமாக மடித்தால் நடுவில் சதுரமாக ஒரு டயல் வரும். துடைப்பத்து ஈர்க்குச்சியால் முள் கீறிவிட்டால் முடிந்தது. அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி என்று என் வாட்ச் ஏறாத கால் கை எங்கள் தெருவில் கிடையாது. எல்லா வாட்சும் ஒரே மணியைக் காட்டும். எல்லா வாட்சும் பூண்டு நாறும். அந்த நாற்றம் எங்களுக்கு நாற்றமே இல்லை. வெளியூர்க்காரர்கள் மூக்கைச் சுருக்கும்போதுதான் ஞாபகம் வரும்.

அந்த வருஷம் குளிர் சாமானியத்தில் போகவில்லை. விடிகாலையில் புல் வெள்ளையாக உறைந்து, மிதித்தால் அப்பளம் போல நொறுங்கியது. அப்படி ஒரு காலையில்தான் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் பழனி. அடிவாரத்தில் அவர்கள் வீட்டுக்குப் பூசைச் சாமான் கடை. அவருக்கு உத்தியோகம் கொடைக்கானலில், ஒரு பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதிச் சொல்லும் வேலை. தாய் தந்தை இல்லாத அவரை வளர்த்த அக்காவும் கூட வந்திருந்தார். அந்த அம்மாளுடைய பார்வை எங்கள் வீட்டு விட்டத்திலிருந்து ஆரம்பித்து என் மூக்கில் வந்து முடிந்தது. நான் அவசரமாக மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை காக்கிக் கோட்டு, உள்ளே ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், தலையில் குரங்குக் குல்லா என்று ஒரு மூட்டை போல வந்து உட்கார்ந்தார். குல்லாவுக்குள்ளிருந்து கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன. அக்கா கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லாததால் கேட்டாள். அவர் என் அம்மாவிடம், இந்தக் குளிரில் எங்களுக்காக இவ்வளவு வெள்ளனே எழுந்து சமைத்தீர்களே என்று வருத்தப்பட்டார். வீட்டுக்கு வந்த ஆம்பிளை ஒருவர் சமைத்தவளைப் பற்றி வருத்தப்படுவதை எங்கள் வீடு அதுவரை கேட்டதில்லை. அக்கா என் காதைத் திருகி, "அந்தக் கொரலு நல்லாருக்குல்ல?" என்றாள். குரலுக்கு எதற்கு என் காதைத் திருக வேண்டும் என்று தெரியவில்லை. ஆனால் அவள் முடிவு செய்துவிட்டாள் என்பது எனக்கே தெரிந்துவிட்டது.

அப்பா காதால் மனிதர்களை எடை போடுகிறவர் அல்லர். அவருக்கு மணிக்கட்டுதான் கணக்கு. பூண்டு பிடுங்குகிறவனுக்கு உயிர் மணிக்கட்டில் இருக்கிறது, மெல்லிய மணிக்கட்டுக்காரன் குடும்பத்தைத் தாங்க மாட்டான் என்பது அவருடைய சித்தாந்தம். அதற்கு முன்பு வந்த ஒரு வரனை, நிலம் நீச்சு எல்லாம் இருந்தும், "கையா அது, கீரைத்தண்டு" என்று திருப்பி அனுப்பியவர். இந்த மாப்பிள்ளையின் கோட்டுக் கையை அப்பா உற்றுப் பார்த்தார். துணி விம்மி நின்றது. அவர்கள் படியிறங்கியதும் அம்மாவிடம், "மணிக்கட்டப் பாத்தியா, உரல் கணக்கா இருக்கு" என்றார். சம்மதம் என்று அர்த்தம்.

பரிசம் போட்டபோது அப்பா தானாகவே ஒரு வார்த்தையை விட்டார். டைம் கீப்பர் மாப்பிள்ளை கையில் வாட்ச் இல்லாமல் ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்ப்பது நமக்கு அழகல்ல, வாட்ச் நான் போடுகிறேன் என்றார். மாப்பிள்ளையின் அக்கா வெற்றிலையை மடித்தபடியே பதில் சொன்னார்:

"போடுறதப் போடுங்க. கைக்குச் சரியாப் போடுங்க. எங்க சித்தப்பா மகனுக்குப் பொண்ணு வீட்ல ஒரு மோதிரம் போட்டாங்க. பாதி வெரலுக்கு மேல ஏறல. பிள்ள ரெண்டு ஆயிருச்சு, இன்னும் அந்தப் பொண்ணுக்கு அரை மோதிரத்துக்காரின்னுதான் எங்க வீட்ல பேரு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் அடுப்படியில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வாட்ச் சரியில்லாமல் போனால் தனக்கு என்ன பட்டப்பெயர் வைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். வயசான பிறகும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள் என்றாள். குரலில் வேடிக்கை இருந்தது. கை மட்டும் முறுக்கிய முந்தானையை விடவில்லை.

மாப்பிள்ளையிடமே அளவு கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அளவு கேட்டுக் கொடுத்தால் அதற்குப் பேர் தையக்கடை, சீர் இல்லை என்றார் அப்பா. ஆக, அவருக்குத் தெரியாமல் அவர் கையை அளக்க வேண்டும். இந்த இடத்தில் எங்கள் மாமா உள்ளே வருகிறார்.

மாமா, அம்மாவின் தம்பி, கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் பட்லர். கோடையில் வரும் துரைகளுக்குக் கேக் சுட்டுப் போட்டு, மிச்ச மாதங்களில் எங்களுக்கு நாகரிகம் சொல்லிக் கொடுத்தார். வாட்ச் விஷயத்தில் தன்னை விட்டால் பழனி மலைத்தொடரிலேயே ஆள் கிடையாது என்று அவர் நம்பினார். அவர் கையில் வாட்ச் கிடையாது என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

"சைஸ் எடுக்கணும். சீக்ரெட்டா எடுக்கணும். அதுக்கு ஆள் நம்ம வீட்லயே இருக்கு" என்று என்னைக் காட்டினார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து விளையாட உலகத்தில் உரிமை உள்ளவள் கொழுந்தியாள் ஒருத்திதான். அந்தக் கொழுந்தியாளுக்குப் பூண்டுத்தாளில் வாட்ச் செய்யவும் தெரியும். கட்ட வேண்டும், கழற்றிக்கொண்டு வர வேண்டும், அளவு வந்துவிடும்.

என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பொறுப்புகள் வந்தன. எதுவும் அந்த அளவுக்கு மயிர்க்கூச்செரிய வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போவதாகப் பேர். விடியும் முன் கிளம்பி, பெருமாள்மலை வரை நடை. நான் நடக்கவில்லை, ஓடினேன். அங்கே பஸ் ஏறினோம். மடியில் ஈரத்துணியில் சுற்றிய பச்சைப் பூண்டுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சன்னலைத் திறந்தார், குளிர் தாங்காமல் மூடினார், மறுபடி திறந்தார். வெள்ளி அருவி வரும்போது நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்பா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் டீசல் புகையும் தைல மர வாசனையும் பேரிக்காய்க் கூடைகளின் புளிப்பும் கலந்து கிடந்தன. அப்பாவும் மாமாவும் ஒரு கூடை வண்டிக்குப் பின்னால் பதுங்கினார்கள். பதுங்கினார்கள் என்று சொல்வது மரியாதைக்காக. அப்பாவின் தலைப்பாகை வண்டிக்கு மேலே நன்றாகத் தெரிந்தது.

அத்தான் கூண்டு மாதிரி ஒரு சின்ன அறைக்கு வெளியே, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். பெண் பார்க்க வந்த அன்று போட்ட அதே கோட்டு, அதே மப்ளர். குல்லா மட்டும் இல்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். "எல்லாரும்" என்பதை மட்டும் இரண்டு முறை கேட்டார். நான் வேலைக்கு வந்தேன்.

"அத்தான், கையக் காட்டுங்க. வாட்ச் கட்டணும்."

"வாட்சா? மணி எத்தன காட்டுது?"

"சாப்பாட்டு மணி."

சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். நான் கோட்டுக் கையை மேலே தள்ளப் பார்த்தேன். அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். சிரிப்பு நின்றது. என் தலைக்கு மேலாக எங்கோ பார்த்தார். ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். அத்தான் விசிலை எடுக்கவில்லை. பிறகு குனிந்து, மெதுவாக, "குளிருது புள்ள, மேலயே கட்டு" என்றார்.

மேலேயே கட்டினேன். கோட்டுக்கும் மேலே. தாள் பத்தாமல் இன்னொரு தாளை ஒட்டு முடிச்சுப் போட்டேன். அழகாக இருந்தது. பிறகு கழற்றினேன்.

"குடுத்துட்டுத் திருப்பிப் புடுங்குறியே" என்றார்.

இதற்கு மாமா எனக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். "ரிப்பேருக்கு" என்றேன்.

வாட்ச் வட்டம் குலையாமல் வீடு வந்தது. அம்மா அதைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று எண்ணி, எங்கள் வீட்டில் பத்திரமான பொருள்கள் எல்லாம் தொங்கும் இடத்தில் தொங்கவிட்டாள். அதாவது அடுப்புக்கு மேலே, பூண்டுக் கொத்துகளோடு. அடுத்த சந்தைக்கு எடுக்கும்போது தாள் பழுத்து, புகை ஏறி, முறுகிக் கிடந்தது.

இங்கேதான் எங்கள் குடும்ப அறிவு முழு வீச்சில் இறங்கியது. பச்சைப் பூண்டு காய்ந்தால் எவ்வளவு குறையும் என்பது அப்பாவுக்குத் தூக்கத்திலும் தெரியும். வியாபாரிகள் அவரை அதில் ஏமாற்ற முடியாது. அந்தக் காய்ச்சல் கழிவை அவர் வாட்ச்சுக்கும் போட்டார். காய்ந்து குறைந்ததைத் திருப்பிக் கூட்டினால்தானே அசல் அளவு? குறைந்தது எடை, நாம் அளப்பது நீளம் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. நான் பிற்காலத்தில் கல்லூரியில் பௌதிகம் படித்தேன்; காலம் கடந்துவிட்டது.

வாட்ச் கடைக்காரர் அந்தக் கருகிய வளையத்தை மேஜைமேல் வைத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்பா சொன்ன கூடுதல் அளவையும் கேட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ள கையிங்களா? காலு இல்லியே?"

"கைதாங்க" என்றார் அப்பா பெருமையாக.

கடைக்காரர் முறைப்படி விளக்கினார். டயல் மணிக்கட்டு எலும்புக்கு உள்ளேயே அடங்க வேண்டும், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. செயினுக்குள் சுண்டுவிரல் நுழைய வேண்டும், கட்டைவிரல் நுழையக் கூடாது. அப்படிப் பார்த்தால் இந்தக் கைக்குச் சாதாரண டயல் பொத்தான் மாதிரி இருக்கும். இதற்குப் பொருத்தமானது ஒன்றே ஒன்றுதான். உள்ளே போய், ஒரு தோட்டத்துத் துரை தனக்கென்று வரவழைத்து, வாங்காமலே கப்பல் ஏறிவிட்ட வாட்சைத் துடைத்துக்கொண்டு வந்தார். டயல் அப்பளப்பூவைப் போலப் பரந்து கிடந்தது. இருட்டில் பச்சையாக மின்னும் எண்கள். பல வருஷமாக அதை ஏற்கும் கை வராமல் காத்திருந்ததாகச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது, சந்தோஷமாகவும் இருக்கலாம்.

"ஜெண்டில்மேன் வாட்ச்" என்றார் மாமா.

அதை என் காதில் வைத்தார்கள். உள்ளே ஒரு பூச்சி இடைவிடாமல் நடந்துகொண்டிருந்தது. அன்று ராத்திரி அக்கா அதைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். பச்சை எண்களின் வெளிச்சத்தில் அவள் பல் தெரிந்தது. "சரியா இருக்கும்ல?" என்றாள். நான் என் அளவின் மேல் சத்தியம் செய்தேன்.

கல்யாணம் வைகாசியில், பழனியில். வத்தலக்குண்டு, செம்பட்டி, ஒட்டன்சத்திரம் என்று சுற்றிக்கொண்டு போய் இறங்கினோம். வெயில் என்றால் என்னவென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மண்டபத்துத் தரையில் கால் வைக்க முடியவில்லை. எங்கள் மலைச் சனம் கம்பளி வாசனையோடு விசிறிக்கு அலைந்தது. அடிவாரத்திலிருந்து பஞ்சாமிர்தமும் விபூதியும் கலந்த காற்று, அதுவும் சுடச்சுட.

தாலி கட்டி முடிந்தது. அடுத்து வாட்ச். எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லாததால், பெண் வீட்டுச் சார்பில் வாட்சைக் கட்ட என்னை முன்னால் தள்ளினார்கள். பட்டுப் பாவாடை தடுக்க, தட்டிலிருந்து அதை எடுத்தேன். மாப்பிள்ளையின் அக்கா எனக்கு நேர் எதிரே, கண்ணை இமைக்காமல் நின்றார். அரை மோதிரத்துக்காரி என்று அழைக்கப்பட்ட அந்தப் பெண்ணும் பின்வரிசையில் எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், கையக் காட்டுங்க" என்றேன்.

நீட்டினார். கோட்டு இல்லை, ஸ்வெட்டர் இல்லை. வேட்டியும் அங்கவஸ்திரமும்தான். அப்போதுதான் அந்தக் கையை நான் முதல்முறையாகப் பார்த்தேன். பூண்டுத்தாள் அளவுக்கு ஒரு கை. எலும்பும் ஒரு நரம்பும், அதன் மேல் சந்தனமும்.

கொக்கியைப் பூட்டிவிட்டுக் கையை எடுத்தேன். ஆசீர்வாதம் வாங்க அவர் கையைத் தூக்கினார். துரையின் வாட்ச் மணிக்கட்டில் நிற்கவில்லை, வழியில் எங்கும் நிற்கவில்லை. நேராக முழங்கைக்குப் போய் அங்கே மாட்டிக்கொண்டு மின்னியது.

அப்பா வாயைத் திறந்தார். உரல் கணக்காக இருந்த மணிக்கட்டு எங்கே என்று கேட்க நினைத்திருப்பார். கேட்டால், திருட்டுத்தனமாக அளந்ததைச் சொல்ல வேண்டும். மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் அக்காவும் வாயைத் திறந்தார். வாட்ச் பெரிது என்று சொல்லத்தான். சொன்னால், எங்கள் வீட்டுக்கு வந்த அன்று தம்பிக்குக் கோட்டுக்குள்ளே எத்தனை ஸ்வெட்டர் மாட்டிக் கூட்டிவந்தார் என்ற பேச்சு வரும். அவரும் மூடிக்கொண்டார். இரண்டு பெரிய மனிதர்கள் எதிரெதிரே நின்று மீன் போல வாயைத் திறந்து மூடியதை நான் நடுவில் நின்று பார்த்தேன். விஷயம் முழுசாக விளங்க எனக்கு வருஷங்கள் ஆயின. ஆனால் என் அக்காவின் பட்டப்பெயர் அந்த நிமிஷம் எல்லோருடைய வாயிலும் தயாராகிக்கொண்டிருந்தது என்பது மட்டும் அப்போதே தெரிந்தது. எனக்கு அழுகை முட்டியது.

தலை குனிந்திருந்த அக்கா நிமிர்ந்தாள். முழங்கையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அது சந்தனத்துக்கு அடியில் வெளிறியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மணப்பெண் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், அடங்கவில்லை.

"சொட்டரு எங்கங்க?" என்றாள்.

"இந்த வெயில்ல எப்பிடிப் போடுறது?" என்றார் அவர், குற்றவாளியைப் போல.

"அப்ப வெரசா மலைக்குப் போயிருவோம்" என்றாள் அக்கா.

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு அரை மோதிரத்துக்காரி சிரித்தாள், சத்தமாக. பிறகு மாமா. மாப்பிள்ளையின் அக்கா கடைசிவரை தாக்குப்பிடித்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது. அப்பா சிரிக்கவில்லை. வாட்சைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு போய் மேளக்காரரை வாசிக்கச் சொன்னார்.

மலைக்கு வந்த பிறகு, செயினில் நாலு கண்ணியைக் கழற்றினால் போதும் என்று கடைக்காரர் சொன்னார். அக்கா சம்மதிக்கவில்லை. எங்கப்பா போட்டது, அப்படியே இருக்கட்டும், கை பெருக்கும்படி நான் ஆக்கிப்போடுகிறேன் என்றாள். ஆக்கிப்போட்டாள். அத்தானுக்கு வயிறு பெருத்தது, கன்னம் பெருத்தது, கை அப்படியே இருந்தது. அதனால் அவர் வாட்சைக் கோட்டுக் கைக்கு மேலேயே கட்டினார். பஸ் ஸ்டாண்டில் அவர் கையைத் தூக்கி மணி பார்ப்பது ஏரிக்கரை வரை தெரியும் என்பார்கள். கொஞ்ச நாளில் கண்டக்டர்கள் துணிக்கு மேல் வாட்ச் கட்ட ஆரம்பித்தார்கள். பிறகு உருளைக்கிழங்கு வியாபாரிகள். இது லண்டன் பேஷன் என்று மாமா பங்களாவில் சொல்லிவைத்தார்.

அந்தப் பூண்டுத்தாள் வாட்ச் என்ன ஆனது என்று தெரியவில்லை. கடையிலேயே விட்டுவிட்டோம் போல.

அத்தான் ரிட்டயர் ஆன பிறகு ஒரு குளிர்காலத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஸ்வெட்டர் கைக்கு மேல் அதே வாட்ச். பச்சை எண்கள் மங்கிவிட்டன. நான் கூடை வண்டிக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்கப்பா தலப்பா தெரிஞ்சுச்சு" என்றார். "அவரு கீரைத்தண்டுன்னு ஒரு வரனத் திருப்பி அனுப்புன கத எனக்கு முன்னயே தெரியும். நீ கோட்டத் தள்ளுன பாரு, அப்ப நெனச்சேன். இந்தக் கையக் காமிச்சா உங்கக்கா இல்ல. காமிக்காட்டி, பின்னாடி என்னைக்காச்சும் தெரியும். பஸ்ஸு நிக்குது, டிரைவரு ஹாரன் அடிக்கான், எனக்கு விசில் ஊத வரல. என் சர்வீசுல நான் லேட்டா விட்ட வண்டி அது ஒண்ணுதான்."

"காமிச்சிருந்தா அப்பா குடுத்திருப்பாரா?" என்று என்னையே கேட்டார். நான் அப்பாவின் மகள், பதில் தெரியும்.

அவர் வாட்சைக் கழற்றிக் கணப்பு மேடையில் வைத்தார். ஸ்வெட்டரை முழங்கை வரை சுருட்டினார், என்னிடம் நீட்டினார். "இப்ப அள" என்றார்.

கட்டைவிரலையும் நடுவிரலையும் சுற்றிப் பிடித்தேன். விரல்கள் சந்தித்து, ஒன்றை ஒன்று தாண்டியும் போயின. தோல் சூடாக இருந்தது. உள்ளே அந்தப் பூச்சி நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

அக்கா அடுப்படியிலிருந்து காப்பியோடு வந்தவள் எங்களைப் பார்த்து நின்றாள்.

"என்னடி, அளவு எப்பிடி இருக்கு?"

"சரியா இருக்குக்கா" என்றேன்.